முதுகு காட்டி நின்றவளின் பதில்

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் காஞ்சனாவுக்குத் தெரியாமல் யாரும் தும்மியதாகச் சரித்திரம் இல்லை. காதால் கேட்டுத்தான் இத்தனையும் தெரிந்துகொள்கிறாள் என்று நினைத்தால் தப்பு. கல்யாணமான வருஷத்திலிருந்து பவர்லூம் கொட்டாயில் நிற்கிறவளுக்குக் காது என்பது கம்மல் போட மட்டும்தான். தறிகள் டடக் டடக்கென்று அடித்துக்கொண்டிருக்கும் இடத்தில் எதிர்த் தறிக்காரி என்ன சொல்கிறாள் என்பதை அவள் உதட்டைப் பார்த்துத்தான் பிடிக்கவேண்டும். கொட்டாயில் வேலை செய்கிற எல்லாருக்கும் அந்த வித்தை கைவரும். மற்றவர்கள் சாயங்காலம் அதைக் கொட்டாயிலேயே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வருவார்கள். காஞ்சனா கூடவே எடுத்துக்கொண்டு வந்தாள்.

எதிர்சாரியில் பெண் பார்க்க வந்திருந்தால், இந்தப் பக்கம் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டே மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு நிச்சயம் நின்றுபோனது வரைக்கும் சொல்லிவிடுவாள். அந்தத் தெருப் பெண்கள் முக்கியமான விஷயம் பேசும்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வதற்குக் காரணம் அதுதான். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதைப் பார்த்து, எவ்வளவு அடக்கம் என்று மெச்சிக்கொண்டு போவார்கள்.

கேட்பது கண்ணால் என்றால், பேசுவது தொண்டை கிழிய. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் புருஷன் வேணுவிடம் உப்பு வேண்டுமா என்று அவள் கேட்டால், மூன்று வீடு தள்ளி ஒருவர் வேண்டாம் என்பார். கல்யாண வீட்டில் அவளை மேளக்காரர்களுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தால்தான் இரண்டும் சரிக்குச் சரியாக இருக்கும் என்பது தெருவின் தீர்மானம். "கொஞ்சம் மெதுவா பேசு" என்று அவளிடம் சொல்லாத சொந்தக்காரர் கிடையாது.

அப்படிப்பட்ட குரலைத் தேடி ஒருத்தன் வந்தான் என்றால் யாராவது நம்புவார்களா? வந்தான். பேர் பவன்குமார். புத்தூர்க்காரன். இன்ஜினியரிங் படித்து, பெங்களூரில் உட்கார்ந்து சம்பாதித்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு வந்து, தறிக்காரத் தெருவை வைத்து ஒரு தமிழ்ப் படம் எடுக்கிறேன் என்று கிளம்பியவன். அவன் காரைக் கொண்டுவந்து காஞ்சனா வீட்டு வாசலை மறித்து நிறுத்தினான். காஞ்சனா வெளியே வந்து நாலு கேள்வி கேட்டாள். அவன் கண்ணாடியை இறக்கி, "அக்கா, படத்துல நடிக்கிறீங்களா?" என்றான்.

"மொதல்ல வண்டிய எடு" என்றாள் காஞ்சனா. எடுத்தான். அப்புறம் சரி என்றாள்.

அன்றிலிருந்து அவளைப் பிடிக்க முடியவில்லை. மற்றவர்களாக இருந்தால் முகம் வரும், புடவை தெரியும் என்று பீற்றிக்கொள்வார்கள். இவளுக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. "மூஞ்சியத்தான் தெனம் பாத்துக்கினு இருக்கீங்களே. என் கொரலு தியேட்டர்ல வரப்போவுது. மெதுவா பேசு மெதுவா பேசுன்னு சொன்னவங்க எல்லாம் வந்து உக்காந்து கேளுங்க" என்று கோயில், ரேஷன் கடை, கொட்டாய் என்று ஒரு இடம் பாக்கி வைக்காமல் சொல்லிவைத்தாள்.

ஷூட்டிங் பொங்கல் கழிந்து நடந்தது. கொட்டாய் முதலாளி கன்னையா, சரக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது, தறியை நிறுத்த முடியாது, ஓடுகிற தறியை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். பவன்குமாருக்கும் துணி நகர நகரப் படம் பிடிப்பது பிடித்துத்தான் இருந்தது. "சத்தத்த அப்புறம் பாத்துக்கலாம்" என்றான். சினிமாக்காரர்கள் இந்த ஒரு வாக்கியத்தால் எத்தனை பேரை அழவைத்திருக்கிறார்களோ, தெரியாது.

காட்சி இதுதான்: கங்கம்மா கோயில் திருவிழாவான ஜாத்திரைக்கு யாருக்கு லீவு என்று இரண்டு தறிக்காரிகள் சண்டை போடவேண்டும், நடுவில் கதாநாயகி நுழைந்து இருவரையும் விலக்கிவிட வேண்டும். ஒரு தறிக்காரி காஞ்சனா. எதிரில் கேமராவுக்கு முதுகு காட்டி நிற்பதற்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. அதே கொட்டாயில் வேலை செய்யும் எதிர்வீட்டுப் பொன்னியம்மாவை நிறுத்தினார்கள்.

அங்கேதான் கோளாறு. பொன்னியம்மா ஆடி மாசம் காஞ்சனாவிடம் இட்லிக் குண்டான் வாங்கிக்கொண்டு போனவள். ஆடி போய், தீபாவளி போய், பொங்கலும் போய்விட்டது. குண்டான் திரும்பவில்லை. கேமரா ஓட ஆரம்பித்ததும் எதிரில் பொன்னியம்மாவின் முகத்தைப் பார்த்த காஞ்சனாவுக்கு லீவாவது, ஜாத்திரையாவது. தறி ஓடுகிற இடத்தில் என்ன பேசினால் யாருக்குக் கேட்கப்போகிறது? எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டு, குண்டானைப் பற்றி ஒரு பிடி பிடித்தாள். கை ஆடியது, கழுத்து நரம்பு புடைத்தது, கண் இரண்டும் நெருப்பாக எரிந்தது. யாருக்கும் ஒரு எழுத்தும் கேட்கவில்லை, பொன்னியம்மா ஒருத்தியைத் தவிர. அவளுக்கும் கேட்கவில்லை, தெரிந்தது. பதில் சொல்ல வாய் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மூடிக்கொண்டாள்.

பவன்குமார் கை தட்டினான். "இந்த முகம் போதும்க்கா, இந்த ஒரு டேக் போதும்" என்றான். அன்றிலிருந்து எதிர்வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அப்புறம் வெயில் காலம் வந்தது. டப்பிங்குக்கு எப்போது வரவேண்டும் என்று காஞ்சனா போன் போட்டாள். "நீங்க சிரமப்பட வேணாம்க்கா. சென்னைலருந்து ஒரு அம்மா வர்றாங்க. நெறைய படத்துக்குப் பேசினவங்க. உங்க வாய்க்கு அழகா பேசிடுவாங்க" என்றான் பவன்குமார், ஏதோ சலுகை கொடுக்கிறவன் மாதிரி.

காஞ்சனா போனை வைத்தாள். "இன்னாச்சு?" என்று கேட்ட வேணுவிடம், "நான் துன்ற தட்டுல இன்னொருத்தி கைய வுடப்போறாளாம்" என்று மட்டும் சொன்னாள். அதை அவள் மெதுவாகச் சொன்னாள். வேணு பயந்துபோய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

ஊர் முழுக்கச் சொல்லிவைத்தாகிவிட்டது. தியேட்டரில் தன் வாய் திறக்கும்போது உள்ளிருந்து எவளோ பேசினால், அப்புறம் எந்த வாயை வைத்துக்கொண்டு தெருவில் நடப்பது? யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் பொன்னியம்மா மோப்பம் பிடித்துவிட்டாள். ஒரு நாள் எதிர்வாசலில் பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற சாக்கில், முந்தானையை எடுக்காமல், நேராக இந்தப் பக்கம் பார்த்து, உதட்டை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "சினிமாவுல மூஞ்சி ஒருத்திது வரும் மே. கொரலு எவளுதோ வரும்." அந்தத் தெருவில் வாயைப் பொத்தாமல் பேசினால் அது தந்தி அடித்த மாதிரி.

காஞ்சனாவின் குலதெய்வம் அப்போது தூங்கிக்கொண்டிருக்கவில்லை. அந்த வாரமே பவன்குமாரிடமிருந்து போன் வந்தது. குரலில் தேன் சொட்டியது.

"அக்கா, அன்னைக்கு ஷூட்டிங்ல நீங்க என்ன பேசினீங்க?"

விஷயம் என்னவென்றால், சென்னை அம்மா திருப்பதி ஸ்டூடியோவுக்கு வந்து, காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் பேசிப் பார்த்திருக்கிறார். இவர் வசனத்தில் வாய் மூடவேண்டிய இடத்தில் திரையில் வாய் திறக்கிறது, திறக்கவேண்டிய இடத்தில் மூடுகிறது. "தம்பி, இந்த வாய் சொல்றது வேற, நீங்க குடுத்த தாள் சொல்றது வேற" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறிவிட்டாராம். ஷூட்டிங்கில் பிடித்த சத்தத்தைப் போட்டுக் கேட்டால் முழுக்கத் தறிதான்.

நல்ல பெண்ணாக இருந்தால் மறந்துபோச்சு தம்பி என்று உண்மையைச் சொல்லியிருப்பாள். காஞ்சனா சொன்னாள்: "நல்லா ஞாபகம் இருக்குது. போன்ல சொன்னா சரியா வராது. நானே வந்து மைக்ல சொல்றேன்."

பவன்குமாருக்கு வேறு வழி? அந்தக் காட்சித் துண்டை அவள் போனுக்கு அனுப்பிவைத்தான். காஞ்சனா அதைப் போட்டுப் பார்த்தாள். முதல் வாய் அசைவில் குண்டான் தெரிந்தது. அதற்கப்புறம் கேமரா பக்கவாட்டில் போய்விட்டது. தறியின் பாவு நூல் குறுக்கே வந்து பாதி வாயை மறைத்தது. ஊரார் வாயையெல்லாம் படித்தவளுக்குத் தன் வாய் படிக்க வரவில்லை. அன்றைக்கு வந்த கோபத்தில் வார்த்தை எது முன்னே, எது பின்னே என்றும் நினைவில்லை.

அந்தப் பேச்சு முழுசாக இருக்கிற இடம் உலகத்திலேயே ஒன்றுதான். எதிர்வீடு.

பேச்சுவார்த்தை இல்லை என்று ஆன பிறகு வலியப் போய்ப் பேசினால் மரியாதை என்ன ஆவது? காஞ்சனா அதற்கும் வழி வைத்திருந்தாள். காலையில் தன் வாசலில் வந்து நின்றாள். பொன்னியம்மா அவள் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். காஞ்சனா குரலை எடுக்காமல் வாயை மட்டும் அசைத்தாள். குரல் இல்லையென்றால் அது பேச்சில் சேராது அல்லவா?

"அன்னிக்கி நான் இன்னா சொன்னேன்?"

பொன்னியம்மா சொம்பைக் கீழே வைத்தாள். அவளும் வாயை மட்டும் அசைத்தாள். "திட்டனவளுக்கு மறந்துடும். வாங்கிக்கினவளுக்கு மறக்காது."

"அப்ப சொல்லு."

"எதுக்கு? தியேட்டர்ல ஊரே உக்காந்துக்கினு நான் திட்டு வாங்கறத கேக்கறதுக்கா?"

ஒரு ஷேர் ஆட்டோ குறுக்கே போயிற்று. பொன்னியம்மா அது போகும்வரை காத்திருந்து ஆரம்பித்தாள். அதற்குள் இரண்டு பக்கத்து வாசல்களிலும் ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். எல்லாரும் கொட்டாய்க்காரர்கள்தான். சத்தமே இல்லாத சண்டையை அத்தனை பேரும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சொல்றேன். ஆனா என் பதிலும் படத்துல வரணும்."

"நீதான் அன்னிக்கி பதிலே சொல்லலியே."

"அன்னிக்கி வரல. இப்ப வந்துக்கிது."

காஞ்சனா கொஞ்சம் யோசித்தாள். தை மாசத்திலிருந்து சித்திரை வரைக்கும் ஒருத்தி மனசுக்குள் போட்டுப் பழுக்கவைத்த பதில் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்கும். அது காலத்துக்கும் படத்தில் நிற்கும். ஆனால் அந்தப் பதிலை மறுத்தால் தன் குரல் வராது.

"இன்னா பதிலு அது?"

"அத அங்க வந்து சொல்லிக்கிறேன்."

சரி என்று தலையாட்டினாள். இரண்டு வாசலிலும் இருந்தவர்கள் கலைந்தார்கள்.

திருப்பதி பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள், நடுவில் ஒரு பை. வடமாலப்பேட்டை தாண்டியதும் பொன்னியம்மா பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தாள். இட்லி, மிளகாய்ப்பொடி. ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இது எந்தக் குண்டான்ல வெந்தது?" என்றாள் காஞ்சனா.

"துன்னு மே. கேள்வி கேக்காத."

இட்லி மல்லிகைப் பூவாட்டம் இருந்தது. அதைக் காஞ்சனா சொல்லவில்லை. மூன்று தின்றாள். அதற்குள் அன்றைய திட்டு முழுவதையும் பொன்னியம்மா ஒப்பித்து முடித்திருந்தாள். யாரையோ யாரோ திட்டியதைப் போல, ஏற்ற இறக்கம் இல்லாமல், ஒரு சொல் விடாமல்.

"இவ்ளோவா சொன்னேன்?" என்றாள் காஞ்சனா.

"இன்னும் ஒண்ணு இருக்குது. அத சென்சார்ல வெட்டிடுவாங்க. நானே வெட்டிட்டேன்."

ஸ்டூடியோ திருப்பதியில் ஒரு சந்துக்குள் மாடியில் இருந்தது. நடத்துகிறவள் பேர் தேவயானி. முப்பது வயசிருக்கும். அவளிடம் பதிவாவது பெரும்பாலும் பக்திப் பாட்டுதான். சுவரில் மைக்கைவிட சாமி படங்கள் அதிகம். ஒரு அறையில் பெட்டிகளும் ஸ்பீக்கர்களும். நடுவில் தடித்த கண்ணாடி. அந்தப் பக்கம் சுவர் முழுக்கப் பஞ்சு மெத்தை ஒட்டிய இன்னொரு அறை. அங்கேதான் பேசவேண்டும்.

காஞ்சனாவை உள்ளே விட்டு, தலையில் ஹெட்போனை மாட்டி, கதவைச் சாத்தினார்கள். எதிரே திரையில் அவள் முகம் வந்தது. காதில் மூன்று முறை பீப் என்றது. மூன்றாவதற்கு அப்புறம் பேசவேண்டும்.

காஞ்சனா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"ஒன் மோர் அக்கா" என்று ஹெட்போனில் தேவயானியின் குரல் கேட்டது. மறுபடி பீப். இந்தத் தடவை குண்டான் என்ற சொல் ஒன்று, எலிக்குஞ்சு கத்துவது போல வந்து விழுந்தது. மூன்றாவது தடவை அதுவும் இல்லை. நகரியே நடுங்கிய வாய் அது. தெருக்காரர்கள் பார்த்திருந்தால் பொங்கல் வைத்திருப்பார்கள்.

அவளுக்கே புரியவில்லை. அந்த அறையில் சத்தம் என்பதே இல்லை. தன் காதுக்குள் ரத்தம் ஓடுவது கேட்டது. இப்படி ஒரு அமைதி அவளுக்குத் தெரிந்து கொட்டாயில் கரண்ட் போகும்போதுதான் வரும். கரண்ட் போய்த் தறி நின்ற நொடியில் அங்கே எல்லாப் பெண்களின் வாயும் தானாக மூடிக்கொள்ளும். ஏனென்றால் அதற்கப்புறம் பேசினால் முதலாளிக்குக் கேட்கும். இத்தனை வருஷப் பழக்கம். சத்தம் நின்றால் வாய் நிற்கும். மூளை பேசு என்கிறது, தொண்டை கன்னையா இருக்கிறார் என்கிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பவன்குமார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். பொத்தானை அமுக்கினால்தான் அந்த அறைப் பேச்சு இந்த அறைக்கு வரும். அவன் அமுக்கவில்லை. தேவயானி பக்கம் திரும்பி ஏதோ சொன்னான்.

சொன்னது இது: "வேலைக்கு ஆகாது. அந்த சீனையே தூக்கிடலாம்."

காஞ்சனா மைக்குக்குக் கிட்டே போனாள். "தூக்காத தம்பி" என்று கிசுகிசுத்தாள்.

பவன்குமார் திடுக்கிட்டுப் பொத்தானைப் பார்த்தான். யாரும் தொடவில்லை. சாமி படங்களையும் ஒரு முறை பார்த்துக்கொண்டான். பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பொன்னியம்மா சிரித்தாள். "தம்பி, அவ முன்னாடி வாய தொறந்து எதுவும் பேசாத. முந்தானை இல்லன்னா கர்சீப்பாவது வெச்சிக்க."

சீன் போனால் குரல் மட்டுமா, மூஞ்சியும் போகும். காஞ்சனா தொண்டையைச் செருமினாள். "தேவயானி, அந்த தறி சத்தத்த என் காதுல போடும்மா. நல்லா ஓட வுடு. சத்தம் இல்லாத எடத்துல எங்களுக்கு வாயி வராது."

"எவ்ளோ வைக்கணும் அக்கா?"

"கன்னையா கொட்டாய் அளவுக்கு."

தேவயானி ஷூட்டிங்கில் பிடித்த தறிச் சத்தத்தை எடுத்து ஹெட்போனில் ஏற்றினாள். டடக் டடக் டடக். காஞ்சனாவின் தோள் இறங்கியது. கால் தானாகக் கொஞ்சம் அகன்று நின்றது. அதே நேரம் பொன்னியம்மா எழுந்து வந்து கண்ணாடிக்கு நேராக நின்று, இடுப்பில் கை வைத்து, முந்தானை இல்லாமல் வாயை அசைத்தாள்.

"இவ்ளோதானா மே உன் வாயி? இதுக்கா ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்ச?"

மூன்று பீப்.

"இட்லி குண்டான எடுத்துக்கினு போனியே, ஆடி போச்சு, தீபாவளி போச்சு, பொங்கலும் வந்து போச்சு. வாங்கிக்கினு போறப்ப அக்கா அக்கான்னு ஒழுவன வாயி, கேட்டா மட்டும் கோந்து தடவன மாதிரி ஒட்டிக்குதே. என் வூட்ல இட்லி வேவணும்னா நான் உன் வாசல்ல வந்து கைகட்டி நிக்கணுமா? உன் வூட்டு ஆவி வாசன வந்து என் மூக்க தொடுது, அது என் குண்டானு ஆவி. தெரிஞ்சிக்க."

பெட்டியில் சத்தத்தின் அளவைக் காட்டும் முள் சிவப்புக்கு ஓடியது. தேவயானி சட்டென்று சத்தத்தைக் குறைத்துப் பிடித்தாள். பேசி முடித்தபோது திரையில் முகமும் முடித்திருந்தது. ஓட்டிப் பார்த்தார்கள். திறக்கிற இடத்தில் திறந்து, மூடுகிற இடத்தில் மூடியது.

"ஒக்க அட்சரம், ஒரு எழுத்துகூட தப்பல அக்கா" என்றாள் தேவயானி. பவன்குமார் கர்சீப்பால் முகத்தைத் துடைத்தான், வாயைச் சேர்த்து.

அடுத்து பொன்னியம்மா. தன் பதிலும் படத்தில் வரவேண்டும் என்று அவள் வைத்த விலையைக் கேட்டதும் பவன்குமார் இழுத்தான். கதையில் இல்லாத பதில் எதற்கு என்றான். தேவயானிதான், "சார், அவங்க முதுகுதானே தெரியுது. உதடு தெரியாத இடத்துல என்ன வேணா வைக்கலாம். கேட்டுப் பாருங்க" என்றாள்.

பொன்னியம்மா மெத்தை அறைக்குள் போனாள். அவளுக்கும் தறி போட்டார்கள். அவள் கத்தவில்லை. பழுத்த பதிலுக்குக் கத்தல் எதற்கு?

"குண்டானாம், குண்டானு. ஓட்டை குண்டான குடுத்துட்டு சீரு குடுத்த சம்பந்தியாட்டம் பேசறியே. ஈயம் வெச்சு அடைச்சது யாரு? எங்க வூட்டுக்காரரு. வெந்தது எங்க அடுப்புல. மாவு எங்க மாவு. உன்னுதுன்னு அதுல இன்னா இருக்குது? ஓட்டை ஒண்ணுதான். அது மட்டும் வேணும்னா வந்து எடுத்துக்கினு போ."

பவன்குமார் விழுந்து விழுந்து சிரித்தான். காட்சியை முதலிலிருந்து ஓட்டினார்கள். அப்போதுதான் காஞ்சனா அதைக் கவனித்தாள். திட்டி முடித்துவிட்டு மூச்சு வாங்க வாய் திறந்து நின்ற அவள் முகம், அன்றைக்கு ஜெயித்த முகம், இப்போது பொன்னியம்மாவின் பதிலைக் கேட்டு அடிபட்டு நிற்கும் முகமாகிவிட்டது. ஒரு முடிகூட மாறவில்லை. ஆனால் தோற்றுவிட்டது.

"இது எப்படிம்மா? அது நான் ஜெயிச்ச மூஞ்சி."

"சத்தம் அப்படித்தான் அக்கா. முகம் சும்மா நிக்கும். அது என்ன முகம்னு காதுதான் முடிவு பண்ணும்."

பொன்னியம்மா மேலே சுற்றும் மின்விசிறியை ரசித்துக்கொண்டிருந்தாள்.

காஞ்சனா திரையையே பார்த்தாள். "இன்னொரு தபா ஓட்டு." தேவயானி ஓட்டினாள். காஞ்சனாவின் முகம் முடிந்ததும் கதாநாயகியின் கால் மட்டும் தறிகளுக்கு நடுவே நடந்து வருகிறது. யார் முகமும் இல்லை, யார் வாயும் இல்லை.

"இந்த கால் வர்ற எடத்துல யாரு பேசறது?"

"யாரும் இல்ல. தறிச் சத்தம் மட்டும்."

"உதடு தெரியாத எடத்துல இன்னா வேணா வெக்கலாம்னு சொன்ன இல்ல?"

தேவயானி பவன்குமாரைப் பார்த்தாள். பவன்குமார் பொன்னியம்மாவைப் பார்த்தான். பொன்னியம்மா விசிறியை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆனால் அதற்குள் காஞ்சனா மெத்தை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாயிற்று. பொன்னியம்மாவுக்காவது மாசக்கணக்கில் அவகாசம் இருந்தது. இவளுக்கு பீப் சத்தம் வரும்வரைதான். அது போதுமாக இருந்தது.

"அடைச்சது உன் வூட்டுக்காரரு, சரி. ஓட்டை போட்டது யாரு?"

பொன்னியம்மா எழுந்தாள். அவளுக்கும் ஒன்று வந்துவிட்டது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் கால் நின்று, கதாநாயகியின் முகம் திரும்பி, அவள் வசனம் ஆரம்பித்துவிட்டது. இடம் இல்லை.

படம் ஆடி மாசம் வெளியானது. நகரி தியேட்டரில் முதல் காட்சிக்குத் தறிக்காரத் தெரு மொத்தமும் வந்தது. வேணு வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். மெதுவா பேசு என்று சொன்ன சொந்தக்காரர்கள் எல்லாரையும் காஞ்சனா நடு வரிசையில் உட்காரவைத்தாள், ஓடிப்போக முடியாதபடி. எதிர்வீட்டுக்காரி அவளுக்குப் பக்கத்து சீட்டில்.

கொட்டாய்க் காட்சி வந்தது. முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் தறிகள் அடிக்க ஆரம்பித்தன. தியேட்டரில் பாதிப் பேர் பழக்கதோஷத்தில் பக்கத்து ஆளின் உதட்டைப் பார்த்தார்கள். பிறகு அந்தச் சத்தம் மெல்லத் தணிந்தது. யாரோ அத்தனை தறியையும் கையால் அமுக்கிப் பிடித்த மாதிரி. கன்னையா ஒருநாளும் அவளுக்காகத் தறியை நிறுத்தியதில்லை. இங்கே காஞ்சனா பேசப்போகிறாள் என்று கொட்டாயே ஒதுங்கி வழி விட்டது. அந்த இடைவெளியில் அவள் குரல் வந்தது. அவள் வாயிலிருந்து, அவள் குரல். தரையில் கால் வைத்திருந்தவர்களுக்குப் பாதம் அதிர்ந்தது. ஒரு எழுத்து சிதையவில்லை.

விசில் பறந்தது. பொன்னியம்மாவின் பதிலுக்குச் சிரிப்பு பொங்கியது. திரையில் காஞ்சனாவின் முகம் அடிபட்டு நின்றபோது "போச்சு, போச்சு" என்று பின்னால் ஒருவர் பரிதாபப்பட்டார். அப்போது கால் நடந்து வந்தது. ஓட்டை போட்டது யாரு என்ற கேள்வி எங்கிருந்தோ, தியேட்டர் கூரையிலிருந்து போல, வந்து விழுந்தது. அவ்வளவுதான். கதாநாயகி அதற்கப்புறம் என்ன பேசினாள் என்று இன்றுவரை நகரியில் யாருக்கும் தெரியாது.

இடைவேளையில் பொன்னியம்மா, "எனக்குத்தான் சிரிப்பு ஜாஸ்தி" என்றாள், சத்தமாகவே. "சிரிப்பு உனக்கு, விசில் எனக்கு" என்றாள் காஞ்சனா. சோடாக் கடைக்கு முன்னால் அவளைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. அதில் அவளுடைய நாத்தனார், தலைமுறை தலைமுறையாக மெதுவா பேசு என்று சொல்லிவந்த கட்சியின் தலைவி, முன்னால் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காஞ்சனா, அந்த கடைசில சொன்னியே, அத இன்னொரு தபா சொல்லு."

காஞ்சனா சோடாவை ஒரு மிடறு குடித்தாள். சுற்றிலும் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திக் காத்திருந்தார்கள். அந்த அமைதியில் தொண்டை ஒன்றும் அடைத்துக்கொள்ளவில்லை.

"சாயங்கால ஆட்டம் இருக்குது அண்ணி" என்றாள். "டிக்கெட் எடுத்துக்கினு போய் கேளு."